வாவிக்கரைச் சம்பியன்

தொண்ணூறுகளின் நடுவில், மூன்று வருடங்களுக்குக் கிட்ட, மட்டக்களப்பின் கொல்ஃப் சம்பியனாக நான் இருந்தேன். இதைச் சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். மட்டக்களப்பில் கொல்ஃப் எங்கே இருந்தது, அதுவும் அந்தக் காலத்தில், என்று கேட்கிறார்கள். இருந்தது. போட்டியாளர்கள் மொத்தம் நான்கு பேர். மட்டைகள் மூன்று. பந்துகள் ஐந்தில் தொடங்கிக் கடைசியில் ஒன்றில் வந்து நின்றன. ஆனாலும் சம்பியன் சம்பியன்தான்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் கோபிக்கக் கூடாது. கொல்ஃப் விளையாட்டில் யார் குறைந்த அடிகளில் பந்தைக் குழிக்குள் விழுத்துகிறாரோ அவரே வென்றவர். இது இன்று எனக்குத் தெரியும். அன்று தெரியாது. நாங்கள் ஆடிய கொல்ஃபில் ஆகக் கூடுதலாக அடித்தவர்தான் வென்றார். அந்தச் சட்டத்தை இயற்றியவன் நான்.

எங்கள் தெருவில் இருந்த ஒரு பறங்கிக் குடும்பம் அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டபோது, வீட்டுக்காரர் அயலவர் ஒவ்வொருவருக்கும் ஒரு சாமானைக் கொடுத்துவிட்டுப் போனார். முன்வீட்டுக்குத் தையல் இயந்திரம். பக்கத்து வீட்டுக்குச் சாய்மனைக் கதிரை. எனக்குக் கொல்ஃப் பை. எப்போதோ ஒரு வெள்ளைக்காரத் துரை அவருடைய தகப்பனாரிடம் விட்டுப்போனதாம். அந்தக் குடும்பத்தில் யாரும் கொல்ஃப் ஆடியதில்லை. வேலிக்குள் தலையை நுழைக்கும் மாடுகளை விரட்டுவதற்கு மட்டும் மட்டைகளைப் பாவித்திருக்கிறார்கள். தையல் இயந்திரம் ஏன் நமக்கு வரவில்லை என்று என் மனைவி இன்றைக்கும் கேட்பதுண்டு.

பையை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று கூட்டாளிமார் மூவரும் வந்து பார்த்தார்கள். மூவரைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒருவர் கணக்கு மாஸ்டர், மெதடிஸ்ட் சபைக்காரர், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையைத் தவறவிடாதவர். இரண்டாமவர் ஆஸ்பத்திரியில் மருந்து எழுதுகிற அப்போதிக்கரி, எங்களைவிடப் பத்து வயது மூத்தவர், உலகத்தில் எந்த நோய்க்கும் அரை மாத்திரை போதும் என்று நம்பியவர். மூன்றாமவன் பனிச்சங்கேணிக்காரன். சண்டையால் ஊரில் இருக்க முடியாமல் பெண்சாதியோடு டவுனுக்கு வந்து, பாலத்துக்கு அங்கால் ஒரு உறவினரின் வீட்டில் ஒரு அறையில் இருந்தான். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. அதற்கு முன்னர் ஆறேழு வருடம் மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கர். அச்சடித்தது போல எழுதுவான். அதிகம் பேசமாட்டான். நான்தான் பேசுவேன். நான் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் கந்தோரில், எழுதுவினைஞன். வேலை நேரத்தில் பேசாமலிருந்ததை எல்லாம் பின்னேரத்தில் பேசித் தீர்க்கவேண்டியிருந்தது.

"இது எப்பிடி விளையாடுற?" என்று அப்போதிக்கரி கேட்டார்.

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த வசனம் என் வாயில் என்றைக்கும் வந்ததில்லை. யாரோ ஒரு பல் வைத்தியரின் காத்திருக்கும் அறையில் பழைய ஆங்கிலச் சஞ்சிகை ஒன்றில் ஒரு படம் பார்த்திருந்தேன். ஒருவர் மட்டையைத் தோளுக்கு மேலே தூக்கி நிற்கிறார். தூரத்தில் ஒரு குழி, அதற்குள் ஒரு கொடி. அந்த ஒரு படத்தை வைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் விளக்கம் கொடுத்தேன்.

"மறுகா வெல்லுறவன் ஆரு?" என்றார் மாஸ்டர்.

"கூட அடிக்கிறவன்," என்றேன்.

எனக்கு அதில் ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. கிரிக்கெட்டில் ஓட்டம் கூடினால் வெற்றி. கரப்பந்தில் புள்ளி கூடினால் வெற்றி. பரீட்சையிலும் அப்படித்தான். கூடினவன் தோற்று, குறைந்தவன் வெல்லுகிற விளையாட்டு உலகத்தில் எங்கே இருக்கிறது? மாஸ்டர் கணக்கு ஆள், உடனே ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார். "அப்ப பந்த மெல்லமா தட்டித் தட்டி நூறு அடி அடிக்கலாமே?" என்றார். நான் படத்தை நினைத்துக்கொண்டேன். மட்டை தோளுக்கு மேலே போய் வரவேண்டும், அப்படிப் போகாவிட்டால் அது அடியே இல்லை என்று தீர்ப்புச் சொன்னேன். காற்றில் வீசினாலும் அடி அடிதான் என்று இன்னொரு பிரிவையும் சேர்த்தேன். பனிச்சங்கேணிக்காரன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு தேத்தண்ணியைக் குடித்தான். என் அறிவைக் கண்டு வாயடைத்துப் போனான் என்று நினைத்தேன்.

இப்படித்தான் எங்கள் சனிக்கிழமைகள் தொடங்கின. வாவிக்கரையில் மாடு மேய்கிற ஒரு புல்வெளி இருந்தது. பால்மா டின்களை அதில் புதைத்து ஏழு குழிகள் அமைத்தோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்தோம்: பனையடி, வள்ளத்தடி, கிணற்றடி, இப்படி. நாலாவது குழி பாலத்தருகில் இருந்த ஆமிச் சென்றிக்கு நேராக இருந்தபடியால் அதற்குச் சென்றி என்று பெயர். காவலுக்கு நின்ற பொடியன்மார் முதலில் துவக்கைத் தூக்கிக்கொண்டு எழும்பினார்கள். பிறகு என் அடியைக் கண்டு மண்மூட்டைமேல் சாய்ந்துகொண்டார்கள். நான் சென்றிக் குழிக்கு வரும்போது ஒருவன் மற்றவனைக் கூப்பிட்டுக் காட்டுவான். அவர்களும் என் ரசிகர்கள் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

என் திறமையைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒரு குழிக்கு நான் சராசரியாகப் பதினான்கு அடி அடிப்பேன். அதில் ஐந்தாறு காற்றுக்கு. இரண்டு மூன்று நிலத்துக்கு. மிச்சம் பந்தில் படும், ஆனால் பந்து தனக்கு விருப்பமான திசைக்குத்தான் போகும். மற்றவர்கள் வேண்டுமென்று பிழையாக அடித்து என்னை வெல்லப் பார்த்தார்கள். அப்போதிக்கரி கண்ணை மூடிக்கொண்டுகூட அடித்துப் பார்த்தார். முடியவில்லை. வேண்டுமென்று பிழைவிடுகிறவன் எப்படியும் ஒருதரம் தவறிச் சரியாக அடித்துவிடுவான். எனக்கு அந்தத் தவறு நேர்ந்ததேயில்லை.

பனிச்சங்கேணிக்காரன்தான் ஒவ்வொரு வாரமும் கடைசி. அவன் மட்டையைத் தூக்கினால் சத்தமே இருக்காது. பந்து நேரே எழும்பிப் போய் டின்னுக்குக் கிட்ட விழும். மூன்று அடி, சிலவேளை நாலு. நான் அவன்மேல் உண்மையாகவே இரக்கப்பட்டேன். பின்னால் நின்று அவன் தோளைப் பிடித்து, கையை இறுக்கமாக வை, இடுப்பை அசைக்காதே என்று பாடம் நடத்தியிருக்கிறேன். "சரி மச்சான், பாக்கிறன்," என்பான். அடுத்த அடியும் நேராகவே போகும். "உனக்கு இது சரிவராதுடாப்பா," என்று அவன் முதுகில் தட்டுவேன்.

எங்களிடம் எழுதாத ஒரு சட்டம் இருந்தது. நாலு மணிக்கு நாலு பேரும் பனையடியில் நிற்கவேண்டும். ஒருவர் வராவிட்டால் ஆட்டம் தொடங்காது. பத்து நிமிடம் பார்ப்போம், பிறகு மூவருமாக அவருடைய வீட்டுக்கு நடப்போம். அநேகமாகக் காய்ச்சலாக இருக்கும், அல்லது மாமியார் வந்திருப்பார். ஆனாலும் அந்த நடையில் யாரும் வாய்திறக்கமாட்டோம். அந்தக் காலத்தில் ஆட்கள் வேலைக்குப் போன வழியில் இல்லாமல் போனார்கள். கடைக்குப் போனவர்கள் வரவில்லை. படலையைத் திறந்து கூட்டாளி சாரத்தோடு நிற்பதைக் கண்டதும், "என்னடா, சாகல்லயா நீ?" என்று ஏசுவோம். எனக்கு அவர்களைக் காண்பதற்குத்தான் சனிக்கிழமை வேண்டியிருந்தது. வெல்வதற்காகத்தான் போகிறேன் என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன்.

வினை என் கொப்பியில் இருந்து வந்தது.

ஒவ்வொரு வாரமும் அடிகளை நான் ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதிவைத்தேன். சம்பியனாக இருப்பவனுக்கு ஆதாரம் வேண்டுமே. முதல் பக்கத்தில் மைதானத்தின் படம் ஒன்றும் கீறியிருந்தேன். வாவி, பாலம், பனை, கிணறு எல்லாம் இருந்தன. ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்கு எத்தனை காலடி என்று நானே நடந்து அளந்து குறித்திருந்தேன். கிணற்றடி, எண்பது. சென்றி, அறுபது. பாலம், நூற்றுப்பத்து. சுற்றிவரச் சண்டை நடக்கிற ஊரில், ஆமிக் காவலரணைப் படத்தில் போட்டு, அதற்குப் பக்கத்தில் தூரமும் எழுதி வைத்திருக்கிற ஒருவனை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள்? கச்சேரியில் நான் படிவம் நிரப்புகிற பிரிவில் இருந்தேன். எந்த வெற்றுத்தாளைக் கண்டாலும் எதையாவது அளந்து எழுதாமல் என்னால் இருக்க முடியாது.

மூன்றாவது வருட முடிவில் எனக்கு ஒரு ஆசை வந்தது. முழு வருடத்துக்கும் கூட்டுத்தொகை போட்டு, முதலாம் இடம், இரண்டாம் இடம் என்று ஒரு பட்டியலை நல்ல எழுத்தில் எழுதுவித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டவேண்டும். நல்ல எழுத்து என்றால் பனிச்சங்கேணிக்காரன்தான். ஒரு சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் கொப்பியை அவன் கையில் திணித்தேன்.

"அடுத்த கிழமை எடுக்கிறன் மச்சான். இப்ப சென்றியில ஆள் மாறியிருக்கிறாங்க போல. கொப்பி உன்னட்டயே இரிக்கட்டுமே," என்றான்.

அவன் சொன்னது சரி. அன்று மண்மூட்டைக்குப் பின்னால் நின்ற முகங்கள் புதியவை. யாரும் என் அடியைப் பார்த்துச் சிரிக்கவில்லை. எனக்கு அதுவே கொஞ்சம் மனவருத்தமாக இருந்தது. "இதுல என்ன கிடக்கு? விளையாட்டுக் கொப்பிதானே. கொண்டு போ," என்றேன். அவன் கொப்பியைச் சேட்டுக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளில் பாலத்தை நோக்கிப் போனான். நான் விசிலடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

ஞாயிறு விடிந்ததும் அவன் பெண்சாதி எங்கள் படலையில் நின்றாள். தலைகூட வாரி இழுக்கவில்லை.

"அண்ணன், ராவு முழுக்க அவர் வரல்ல. பாலத்தடியில புடிச்சி முகாமுக்குக் கொண்டு போனதாம். கடைக்காரர் கண்டவராம். ஏதோ கொப்பியாம் அண்ணன், உங்களுக்கு ஏதும் தெரியுமா?"

என் வயிற்றில் புளியைக் கரைத்தது. இது எழுத்தாளர்கள் எழுதுகிற புளி அல்ல. நான் அரை மணித்தியாலத்தில் நாலு தரம் வளவின் பின்பக்கம் போய்வந்தேன். போகும்போதெல்லாம் ஒரு நியாயம் யோசித்தேன். நான் போனால் என்னையும் பிடிப்பார்கள், பிறகு எங்கள் இருவருக்காகவும் அலைய யார் இருப்பது? கச்சேரியில் யாராவது பெரியவரைப் பிடிக்கலாம். நாளை திங்கட்கிழமை, கந்தோர் திறக்கும். நாலாவது தரம் திரும்பி வந்தபோது அவன் பெண்சாதி அதே இடத்தில் நின்றாள். என் மனைவி கொல்ஃப் பையைத் தூக்கிக்கொண்டு வந்து என் காலடியில் போட்டாள்.

"நீங்க எழுதின கொப்பிதானே. போங்க," என்றாள்.

மாஸ்டரும் அப்போதிக்கரியும் சொல்லாமலே வந்தார்கள். மாஸ்டர் ஆராதனைக்குப் போட்ட வெள்ளை லோங்ஸோடு வந்தார். அந்தப் பையைத் தோளில் மாட்டினால் தூரத்துக்கு அது துவக்குப் போலத் தெரியும் என்று அப்போதிக்கரி சொன்னார். எனவே பையை வீட்டில் விட்டோம். விளையாட்டுத்தான் என்று காட்டுவதற்கு ஆளுக்கொரு மட்டையைத் தலைக்கு மேலே இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, பட்டப்பகலில், நடுவீதியில், மூன்று பேர் வரிசையாக நடந்தோம். கோயிலடியில் நின்ற ஒரு கிழவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி வழிவிட்டார். என்ன நேர்த்திக்கடன் என்று நினைத்தாரோ தெரியவில்லை.

முகாம் வாசலில் நிற்பாட்டி, சோதித்து, ஒரு மணித்தியாலம் வெயிலில் வைத்துவிட்டு உள்ளே விட்டார்கள். ஒரு நடுத்தர வயது அதிகாரி மேசைக்குப் பின்னால் இருந்தார். என் கொப்பி மேசைமேல் விரித்தபடி கிடந்தது. சுவரோரம் ஒரு மர வாங்கில் பனிச்சங்கேணிக்காரன் குந்தியிருந்தான். சேட்டில் மூன்று பொத்தான்கள் இல்லை. ஒரு காலில்தான் செருப்பு. அவன் என்னைப் பார்த்தான், பிறகு நிலத்தைப் பார்த்தான்.

அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார். நான் என் கச்சேரி ஆங்கிலத்தில் பதில் சொன்னேன்.

"இந்தக் கொப்பி யாருடையது?"

"என்னுடையது, சேர். அவருக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை, சேர். எழுதினதும் கீறினதும் நான்தான்."

இதை வீரன் போலச் சொன்னேன் என்று பல வருடங்களாகச் சொல்லி வந்திருக்கிறேன். அது பொய். குரல் கீச்சிட்டது.

"இது என்ன?"

"கொல்ஃப், சேர்."

"இதில் யார் சம்பியன்?"

இப்படி ஒரு கேள்வியை அங்கே நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் என் முதுகு தானாக நிமிர்ந்தது. என்னைச் சுடப்போகிறார்களா என்று தெரியாத நிலையிலும் நிமிர்ந்தது.

"நான்தான், சேர். மூன்று வருடமாக."

"இவர்?" என்று வாங்கைக் காட்டினார்.

"அவர் எப்போதும் கடைசி, சேர். பாவம். ஒரு குழிக்கு மூன்று நாலு அடிக்குமேல் அவருக்கு வராது. நான் பதினேழு வரை போயிருக்கிறேன்."

அதிகாரி கொப்பியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு பனிச்சங்கேணிக்காரனை நெடுநேரம் பார்த்தார். எழும்பி, "வா, அடித்துக்காட்டு," என்று வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

வாசலில் சோதித்தபோது என் பொக்கற்றில் அகப்பட்ட பந்தை முற்றத்தில் வைத்தார்கள். சுற்றிவர ஆமிக்காரர்கள். என் கூட்டாளியின் உயிர் அந்தப் பந்தில் இருக்கிறது என்று எனக்கு விளங்கியது. என் வாழ்நாளில் ஒருநாளாவது திறமாக அடிக்கவேண்டும் என்று நினைத்தேன். மட்டையைத் தோளுக்கு மேலே தூக்கி வீசினேன். காற்று. இரண்டாவது, காற்று. மூன்றாவது நிலத்தில் பட்டு, ஒரு புற்கட்டி பறந்து அதிகாரியின் சப்பாத்தில் விழுந்தது. நாலாவதில் பந்து பட்டது. பட்ட பந்து எனக்குப் பின்பக்கமாகப் போய்ச் சமையல் கொட்டிலின் தகரத்தில் அடித்து, உள்ளே யாரோ சிங்களத்தில் கத்தினார்.

அதிகாரி மறுபக்கம் திரும்பி நின்றார். அவருடைய தோள்கள் குலுங்கின. கொஞ்ச நேரம் திரும்பவேயில்லை. திரும்பியபோது கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சம்பியன்," என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்கள் ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள்." படம் கீறிய பக்கத்தைக் கிழித்து மேசை லாச்சிக்குள் வைத்துக்கொண்டு கொப்பியைத் தந்தார். இனிமேல் படம் கீறவேண்டாம் என்றும் சொன்னார்.

நாலு பேரும் பாலத்தால் நடந்து வந்தோம். மாஸ்டர் தன் செருப்பில் ஒன்றை அவனுக்குக் கொடுத்துவிட்டு, வெள்ளை லோங்ஸோடு ஒரு கால் வெறுங்காலாக வந்தார். அப்போதிக்கரி அழுதுகொண்டே நடந்தார். மூக்கைச் சீறிச் சீறி அரை மாத்திரை, அரை மாத்திரை என்று ஏதோ சொன்னார். பனிச்சங்கேணிக்காரன் பாலத்தின் நடுவில் வந்ததும்தான் வாய்திறந்தான்.

"நல்லா அடிச்சாய் மச்சான்," என்றான்.

எனக்குத் தலைகால் தெரியவில்லை. என் ஆட்டத்தின் அழகைக் கண்டு ஒரு ஆமி அதிகாரி கண்கலங்கி ஆளை விட்டார் என்று வருடக்கணக்காக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். கச்சேரியில் இந்தக் கதைக்குத் தேத்தண்ணி வாங்கித் தந்தவர்கள் உண்டு. இப்போது யோசித்தால் அவர்களில் எத்தனை பேருக்குக் கொல்ஃப் தெரிந்திருக்கும் என்று பயமாக இருக்கிறது.

இரண்டு சனிக்கிழமைகள் ஆட்டம் இல்லை. மூன்றாவது சனிக்கிழமை நாலு மணிக்கு நாலு பேரும் பனையடியில் நின்றோம். அவனுடைய முறை வந்தது. மட்டையைத் தூக்கினான். வலது கை நெஞ்சு வரைக்கும்தான் வந்தது. அதற்கு மேலே போகவில்லை. இன்னொருதரம் முயன்றான். முகம் வெளிறிப் போனது. முகாமில் என்ன நடந்தது என்று நாங்கள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அப்போதிக்கரி அந்தத் தோளைத் தடவிப் பார்த்துவிட்டு வாவிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சட்டத்த மாத்துவம். இடுப்பு மட்டுக்கும் தூக்கினாப் போதும்," என்றார் மாஸ்டர்.

நான் ஒப்புக்கொண்டேன். அந்த அளவுக்காவது எனக்கு மனிதத் தன்மை இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். அன்றைக்கும் நான்தான் வென்றேன்.

அன்று அவன் பட்டியலையும் கொண்டுவந்திருந்தான். முகாமிலிருந்து திரும்பி வந்த கொப்பியை என்னிடம் கேட்டு வாங்கிப் போய், கூட்டிக் கழித்து, பெரிய தாளில் எழுதியிருந்தான். முதலாம் இடத்தில் நான். நாலாம் இடத்தில் அவன். எழுத்துகள் கோணலாக, சில இடங்களில் நடுங்கி, கோட்டுக்கு மேலும் கீழுமாகப் போயிருந்தன. நான் தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எழுத்து முந்தினமாதிரி வடிவா இல்லயேடாப்பா," என்றேன். இதை எழுதும்போது என்னை நானே செருப்பால் அடிக்கவேண்டும் போல இருக்கிறது. அவன் சிரித்தான். "மன்னிச்சிக்கொள்ளு மச்சான்," என்றான். நான் பெரிய மனது பண்ணி மன்னித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினேன்.

பிறகு காலம் எங்களைப் பிரித்துவிட்டது. மாஸ்டர் மகளோடு கனடாவுக்குப் போனார். அப்போதிக்கரி இறந்துபோனார். பனிச்சங்கேணிக்காரன் சண்டை ஓய்ந்ததும் சொந்த ஊருக்கே திரும்பினான். நான் ஓய்வு பெற்று, கொழும்பில் மகளின் வீட்டில் போய் நின்ற ஒரு நாள், தொலைக்காட்சியில் கொல்ஃப் போய்க்கொண்டிருந்தது. மருமகனுக்கு விளக்கம் கொடுக்கலாம் என்று அருகில் இருந்தேன். "இந்த ஆள் தோற்றுப்போவார், அடி காணாது," என்றேன். மருமகன் மரியாதையான பிள்ளை. தொண்டையைச் செருமி, "மாமா, இதுல குறைய அடிக்கிறவர்தான் வெல்லுவார்," என்றார்.

நான் அன்றிரவு சாப்பிடவில்லை. சம்பியன் பட்டம் போனதற்காகத்தான் முதலில் சாப்பிடவில்லை. படுத்த பிறகு ஒவ்வொன்றாக வந்தது. சென்றிப் பொடியன்மாரின் சிரிப்பு. அதிகாரியின் குலுங்கிய தோள். சத்தமில்லாமல் எழும்பி நேராகப் போகிற அந்தப் பந்து. மலைநாட்டில் துரைமார் கொல்ஃப் ஆடுவார்கள் என்று எனக்கே தெரியும். அங்கே ஆறேழு வருடம் இருந்தவனுக்குத் தெரியாதா?

ஊருக்கு வந்த அடுத்த நாளே வாழைச்சேனை போய், அங்கிருந்து வேறு பஸ் எடுத்துப் பனிச்சங்கேணிக்குப் போனேன். அவன் வளவில் வலை ஒன்றைக் காயப்போட்டுக்கொண்டிருந்தான், இடது கையால். என்னைக் கண்டதும், "என்னடா, சாகல்லயா நீ?" என்றான்.

நான் குந்தக்கூட இல்லை. "உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

என்ன விஷயம் என்று அவன் கேட்கவில்லை.

"ஓம். தெரியும்."

"எப்ப இருந்து?"

"நீ பையக் கொண்டு வந்த அண்டைக்கே. தோட்டத்தில துரைக்கு ஆள் குறையிற நேரம் என்னக் கூப்பிடுவார். அஞ்சாறு வருசம் விளையாடியிரிக்கன்."

"மறுகா ஏன்டா சொல்லல்ல?"

அவன் வலையின் நுனியைக் கம்பில் மாட்டிவிட்டு வந்து என்னையும் இழுத்துக் குந்தவைத்து, பக்கத்தில் இருந்தான். "சொன்னா என்ன? எல்லாரும் மூணு அடியில முடிச்சிருவம். அரை மணித்தியாலத்தில ஆட்டம் முடிஞ்சிரும். வீட்ட போய்க் கதவப் பூட்டிக்கொண்டு என்ன செய்யிற? நீ பதினேழு அடி அடிக்கிறபடியாத்தான் பொழுது பட மட்டும் நாலு பேரும் ஒண்டா நிண்டம்."

நான் செருப்பைக் கழற்றினேன். திரும்பவும் போட்டேன்.

"முகாமிலயும் அந்தப் பெரியவருக்குக் கொல்ஃப் தெரியும்," என்றான் அவன். "இது கொல்ஃப் கணக்கு இல்ல, கூட அடிச்சவன முதல்ல போட்டிரிக்கி, இது ஏதோ ரகசியக் கணக்கு எண்டு சொல்லித்தான்..." தோளைக் காட்டினான், வசனத்தை முடிக்கவில்லை. "விடியச் சொன்னன், சேர், எழுதினவருக்கு விளையாட்டுத் தெரியாது, அவர் எப்பிடியும் என்னத் தேடி வருவார். வந்தா ஆர் சம்பியன் எண்டு மட்டும் கேட்டுப் பாருங்க. அவர் சொல்லுற விதத்தில உங்களுக்கே விளங்கும்."

"நான் வராம விட்டிருந்தா?"

"நீ வருவாய் எண்டு எனக்குத் தெரியும்," என்றான்.

வளவின் பின்பக்கம் நாலு தரம் போய்வந்த கதையை அவனிடம் நான் இதுவரை சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை.

"இன்னொண்டும் சொன்னன் அவரிட்ட," என்று சிரித்தான். "சேர், அவர் பிழையா விளையாடுறார் எண்டத மட்டும் அவருக்குச் சொல்லிப் போடாதங்க எண்டன். நல்ல மனிசன். சொல்லல்லதானே?"

சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக் குலுக்கிச் சம்பியன் என்றார்.

நான் போகும்போது சுவரில் மாட்டியிருந்த அந்தக் கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு போயிருந்தேன். அதை எடுத்து அவன் மடியில் வைத்தேன். கண்ணாடிக்குப் பின்னால் முதலாம் இடம் என்று என் பெயர் கோணிக்கொண்டு நின்றது. இதைத் திருப்பி எழுது, நீ முதலாவது, நான் கடைசி, புதுத்தாள் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன் என்றேன். அவன் தாளை நெடுநேரம் பார்த்தான். பிறகு என் கையிலேயே திருப்பித் தந்தான்.

"ஏலாது மச்சான். இத எழுதவே எனக்கு ரெண்டு கிழமை எடுத்தது."